அம்மன் வந்த வீடும் அம்மை குத்த வந்தவரும்
பொருநைக் கரை வரலாறு – 17

சென்ற பகுதியை 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தோடு நிறுத்தியிருந்தோம். பஞ்சம் எந்தக் காலத்திலும் தனியாக வந்ததில்லை. கஞ்சித் தொட்டிக்கு முன்னால் கூடிய கூட்டத்தோடு காலராவும் பெரியம்மையும் கூடவே நடந்தன. காலராவுக்குப் பெரியவர், சிறியவர் என்ற கணக்கில்லை. பெரியம்மை அப்படியில்லை. ஒருமுறை வார்த்துப் பிழைத்தவரை அது மறுபடி தொடாது. ஊரில் வளர்ந்தவர்களில் பாதிப்பேர் முகத்தில் தழும்போடு தப்பியவர்கள். எனவே சில ஆண்டு இடைவெளியில் அது திரும்பி வரும்போதெல்லாம் அகப்பட்டவை, சென்ற தடவைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தாம். அந்தப் பிள்ளைகளை அம்மனும் சர்க்கார் சட்டமும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கொண்டாடிய கதைதான் இந்தப் பகுதி.

முதலில் வீட்டுக்குள் போவோம். வாசல் நிலையில் வேப்பங்குலை செருகிவிட்டால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. கடன் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை, துணி வெளுக்கப் போடுவதில்லை. புருஷன் பெண்டாட்டி விலகியிருக்க வேண்டும். வெளியூர் போய் வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது. பிள்ளையை அதட்டக்கூடாது, முனகினால் "என்ன தாயே வேணும்" என்றுதான் கேட்க வேண்டும், ஏனென்றால் படுத்திருப்பது பிள்ளை மட்டுமில்லை. பாயின் மேல் வேப்பிலை பரப்பி, அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பங்கொத்தால் தடவிக் கொடுப்பார்கள். குடிக்க இளநீர், மோர், கேப்பைக் கூழ். தேரிக்காட்டுப் பக்கமானால் பருவத்தில் பதனீரும் நுங்கும். அம்மைக் கொப்புளங்களான முத்துக்கள் வாடியதும், வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று அதற்கும் முறை உண்டு. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கோயிலில் மாவிளக்கு எடுத்துவிட்டால் அம்மன் இறங்கிவிட்டாள் என்று பொருள்.

நெல்லைச் சீமையில் இந்த அம்மனுக்குப் பெயர்கள் பல. மாரியம்மன், முத்தாரம்மன், சந்தன மாரி, முப்பிடாதி, உச்சினிமாகாளி. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனின் தசரா இன்று லட்சக்கணக்கானவர்கள் வேடம் கட்டி வரும் திருவிழா. வில்லுப்பாட்டில் அவள் கதையைப் பாடும்போது முத்தைக் கொடுப்பவளும் ஆற்றுபவளும் அவளேதான். கத்தோலிக்க ஊர்களில் இதே அச்சத்தோடு புனித செபஸ்தியாரின் சப்பரத்தைத் தூக்கினார்கள். 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த சாத்தூர் பக்கம், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வாசலில் இன்றும் தட்டுகளில் வைத்து விற்கிறார்கள்: வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஜோடிக் கண். கண்மலர் என்பது அதன் பெயர். இமைக் கோடும் நடுவில் புடைத்த பாவையும் தவிர அதில் வேறு வேலைப்பாடு கிடையாது. அது எதற்காக என்று இன்று காணிக்கை செலுத்துகிற பலருக்குத் தெரியாது. பெரியம்மை கண்ணுக்குள்ளும் முத்துப் போடும். உயிர் தப்பிய பிள்ளைக்குப் பார்வை போய்விடுவதுண்டு. இந்தியாவில் அன்று சிறுவயதுக் குருட்டுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று அந்த நோய். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய ஆண்டு 1890 என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டவர்கள் பலர். இடையன்குடியிலிருந்து எழுதிய கால்டுவெல் முதலான பாதிரிமார்களின் ஏடுகளில் இந்த வழிபாடுகள் பேய் வணக்கமாகவே வருகின்றன. அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பெரியம்மை வந்துவிட்ட பிறகு லண்டன் டாக்டரிடமும் மருந்து கிடையாது. பிள்ளையைத் தனியே வை, குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கக் கொடு, சொறியவிடாதே, காத்திரு. அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதை அம்மன் முன்பே சொல்லி, மீறினால் குற்றம் என்றும் விதித்திருந்தாள். அவளுடைய விதிகளில் பெரிய ஓட்டை ஒன்றுதான்: வெளியாள் வரக்கூடாது என்றவள், உடன்பிறந்த பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஒரே பாயில் உறங்கிய தங்கைக்கும் தம்பிக்கும் அடுத்த அமாவாசைக்குள் வார்த்துவிடும்.

டாக்டரிடம் இருந்தது வேறொன்று: நோய் வராமல் தடுக்கும் வழி. எட்வர்ட் ஜென்னர் 1798-இல் வெளியிட்ட, பசு அம்மைக் கொப்புள நீரைக் குத்தும் கோவசூரி முறை 1802 ஜூனில் பம்பாயில் இறங்கியது. முதலில் குத்திக்கொண்டது ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமி. அதே ஆண்டுக்குள் சென்னைக்கும் வந்துவிட்டது. நம் பகுதியின் காலக்கணக்கோடு வைத்துப் பாருங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799. ஊமைத்துரையின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது 1801. அடுத்த ஆண்டிலேயே கம்பெனி ஆள் கத்தியோடு வந்து, பிள்ளையின் கையை நீட்டச் சொன்னால் எந்தத் தாய் நீட்டுவாள்? தலைவரி போடுவதற்கான குறி, மதம் மாற்றுவதற்கான குறி என்றெல்லாம் நாட்டின் பல பகுதிகளிலும் வதந்தி எழுந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கம்பெனி அதிகாரிகளில் ஒருவர் இதைப் புரிந்துகொண்டார். திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ்தான் அவர், சென்னையின் கலெக்டர். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் தமிழில் ஒரு கதை புனைந்தார். பசு தரும் ஐந்து பொருள்களைப் பஞ்சகவ்யம் என்று கொண்டாடுகிறீர்கள், ஆறாவதாக அதன் மடியில் தோன்றும் கொப்புளமும் என் கொடைதான் என்று தேவியே சொல்வதாகக் கதை போகும். 1819-இல் மதராஸ் கூரியர் பத்திரிகையில் ஒரு கடிதமும் வந்தது. அம்மைப்பால் குத்துவது பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்று அது சாதித்தது. எழுதியவர் பெயர் 'கல்வி விரும்பன்'. அந்தக் கடிதத்துக்குப் பின்னாலும் எல்லிஸ்தான் இருந்திருப்பார் என்பது ஆய்வாளர் சிலரின் ஐயம். அவர் அந்த ஆண்டே இராமநாதபுரத்தில் இறந்துபோனார். பொய் சொல்லித்தான் நன்மை செய்ய வேண்டியிருந்ததா என்று இன்று கேட்கலாம். கதையால் ஒரு பிள்ளையாவது பிழைத்ததா என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அந்தப் பொய், பிற்காலத்தில் பழம்பெருமை பேசுவோர் கையில் மெய்யாகி, இன்றும் உலவிக்கொண்டிருக்கிறது.

கதைகளைவிடப் பெரிய தடை, குத்திய முறையே. பசுவின் பாலில் இருந்து எடுத்த மருந்து என்று மக்கள் நினைத்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான ஆண்டுகள் அது ஒரு பிள்ளையின் கையிலிருந்து இன்னொரு பிள்ளையின் கைக்குத்தான் போயிற்று. இன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் குத்தினால், எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் திரண்டு நிற்கும். அம்மை குத்துகிறவர் திரும்பி வந்து அதைக் கீறி, உள்ளே இருக்கும் நீரைப் பக்கத்துத் தெருவிலோ பக்கத்து ஊரிலோ அடுத்த பிள்ளைக்கு ஏற்றுவார். சங்கிலி எங்கேயாவது அறுந்தால் மருந்து தீர்ந்தது. அறாமல் இருக்க, கொப்புளம் எழும்பிய பிள்ளையைத் தாயோடு ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையின் நீர் எந்தச் சாதிப் பிள்ளைக்கு ஏறுகிறது என்ற கேள்வி ஒருபுறம். அதைவிட, தன் பிள்ளை கையில் திரண்ட முத்தைக் கீறவிடுவதில் தாய்க்கு இருந்த நடுக்கம். முத்து அம்மனுடையது, அதை வேறொருவன் உடைத்து எடுத்துப் போகிறான். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பிள்ளைகளை நெல் சேர்த்துவைக்கும் குலுக்கைக்குள் இறக்கி மூடி வைத்த கதையை நம் பக்கத்து வீடுகளில் பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் சட்டம் வந்தது. 1880-ஆம் ஆண்டு இந்திய அம்மைகுத்தல் சட்டம். மசோதாவை வைசிராய் சபையில் கொண்டுவந்தவர் அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கான். ஆறு மாதம் நிறைந்த பிள்ளையைப் பெற்றோரோ காப்பாளரோ குத்துகிறவரிடம் கொண்டுவர வேண்டும். தவறினால் மாஜிஸ்திரேட் உத்தரவு, அதையும் மீறினால் தண்டனை. பையனானால் பதினான்கு வயதுவரை இந்தச் சட்டம் பிடிக்கும், பெண்ணானால் எட்டு வயதுவரைதான். எட்டு வயதுக்கு மேல் பெண்பிள்ளையை அந்நியனிடம் கைநீட்டச் சொன்னால் ஊர் கொதிக்கும் என்று அரசு பயந்தது. அந்தப் பயத்துக்கு விலையாகச் சட்டமே ஒன்பது வயதுச் சிறுமியைக் கைகழுவிவிட்டது.

இன்னொரு விசித்திரம். சட்டம் தானாக எங்கும் அமலுக்கு வராது. முனிசிபல் சபையின் பெரும்பான்மையோர் விரும்பிக் கேட்டால்தான் அந்த நகரத்துக்கு நீட்டப்படும். ஆற்றோரத்தில் அடுக்கடுக்காக இருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நோய் பரவும் கிராமத்தை விட்டுவிட்டு நகரத்து எல்லைக் கல்லுக்குள் மட்டும் கட்டாயம் என்றால், யாரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் அது? பின்னர் வந்த மாகாணச் சட்டங்கள் கட்டாயத்தை மெல்ல மெல்ல விரித்தன. ஆனாலும் ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இந்த வகையில் முழுமையான முதல் சட்டம். இந்தியாவில் வேறெந்த மாகாணத்திலும் அப்போது அப்படியொன்று இல்லை. அது இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது.

1880 சட்டம் வந்த காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம், ஏனென்றால் சாமிக்கு விட்டுவிட்டோம் என்று சொன்ன பெற்றோர் அங்கேயும் இருந்தார்கள். 'விசித்திர மக்கள்' என்ற பெயரில் ஒரு கிறிஸ்தவக் கூட்டம். பைபிளில் யாக்கோபு எழுதியபடி நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள், டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள். வாக்ஸ்டாஃப் என்ற தம்பதியின் பதினான்கு மாதக் குழந்தை நுரையீரல் அழற்சியில் இறந்தது. 1868-இல் லண்டன் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மருந்தால் பயன் உண்டா என்பதிலேயே அன்று கருத்து வேறுபாடு இருந்ததை நீதிபதி சுட்டிக்காட்டினார். நல்லெண்ணத்தோடு நடந்துகொண்ட பெற்றோரைக் கொலையாளி என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காமல் வேண்டுமென்றே விடுவது குற்றமானது. 1899-இல் சீனியர் என்பவரின் வழக்கில், அன்பான தகப்பன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவருக்குத் தண்டனை உறுதியானது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மாறியது மதம் இல்லை, சட்டமும் மருத்துவமும். டாக்டரால் ஏதாவது செய்ய முடியும் என்று சட்டம் நம்பியபிறகுதான் டாக்டரை அழைக்காதது குற்றமாயிற்று. இதை அளவுகோலாக வைத்தால், 1870-களில் வேப்பிலை செருகிய நம் தாய்மேல் எந்தக் குற்றமும் நிற்காது.

ஆனால் அம்மை குத்தும் விஷயத்தில் அதே இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. 1853-இல் கட்டாயமாக்கியவர்கள், லெஸ்டர் நகரத்து ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு 1898-இல் மனச்சாட்சி விலக்கு என்று ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரத் தகப்பன் 'என் மனம் ஒப்பவில்லை' என்று மாஜிஸ்திரேட்டுகளை நம்பவைத்தால் விலக்குக் கிடைத்தது. இந்தியச் சட்டத்தில் அந்தக் கதவு வைக்கப்படவே இல்லை. அம்மனுக்கு அஞ்சிய தாயின் மனம் மனச்சாட்சிக் கணக்கில் சேரவில்லை.

பிறகு எப்படித்தான் குத்திக்கொண்டார்கள்? சட்டத்தால் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மருந்து திருந்தியது, அதுதான் காரணம். கைக்குக் கை ஏற்றும் முறை போய், கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்த பால் வந்தது. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கர்னல் கிங், அதை லானோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பில் குழைத்து வைத்துப் பார்த்தார். அவர் பெயரால் கிண்டியில் எழுந்த கிங் நிலையம் மாகாணம் முழுமைக்கும் மருந்து அனுப்பியது. அதிலும் ஒரு சிக்கல். கிண்டியில் உயிரோடு கிளம்பிய பால், சித்திரை வெயிலில் ரயிலேறி, மாட்டுவண்டி மாறி, நம் கிராமத்துக்கு வருவதற்குள் செத்துப்போகும். செத்த பாலைக் குத்திக்கொண்ட பிள்ளைக்குப் புண் மட்டும் வரும், காப்பு வராது. அடுத்த கோடையில் அதே பிள்ளைக்கு அம்மை வார்த்தால், 'அப்பவே சொன்னேன், அம்மன் கோவிச்சுக்கிட்டா' என்ற பாட்டியிடம் யார் என்ன வாதம் செய்ய முடியும்? போதாக்குறைக்கு, குத்திய கருவி. திருகுகிற வட்டக் கத்தி. தோலை வட்டமாக அறுத்துவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்களின் கையில் காலணாக் காசு அளவில் இருக்கும் தழும்புகள் அதன் கைவண்ணம். வெப்பத்தைத் தாங்கும் உலர் மருந்து 1960-களில்தான் கிடைத்தது. இரட்டை முனை ஊசி அந்தப் பத்தாண்டின் முடிவில்.

மறுப்பு, படிக்காத கிராமத்தோடு நிற்கவும் இல்லை. மகாத்மா காந்தி அம்மை குத்துவதை அருவருப்பான செயல் என்றே கருதினார். 1930-இல் சபர்மதி ஆசிரமத்தில் மூன்று பிள்ளைகள் பெரியம்மையில் இறந்தபோதும் தம் கருத்திலிருந்து அவர் அசையவில்லை. குத்திக்கொள்ள விரும்பியவர்களைத் தடுக்கவும் இல்லை. அவரிடம் எனக்குள்ள மதிப்பு குறையாமலே சொல்கிறேன்: அந்த மூன்று பிள்ளைகளின் சாவு, தடுத்திருக்கக்கூடியது.

எவ்வளவு தடுத்திருக்கலாம் என்பதற்குச் சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக் கணக்கு இருக்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், தாம் பார்த்த நோயாளிகளை எண்ணி 1972-இல் ஒரு நூல் எழுதினார். உலகம் முழுவதும் பெரியம்மை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது. ஒருபோதும் குத்திக்கொள்ளாத 3,544 நோயாளிகளில் நூற்றுக்கு 35.5 பேர் இறந்தார்கள். எப்போதோ ஒரு தடவை குத்திக்கொண்டிருந்த 3,398 பேரில் நூற்றுக்கு 6.3 பேர். ஒரே மருத்துவமனை, ஒரே கவனிப்பு. தாய்மார்களுக்கு இந்த எண்கள் தெரிய வேண்டியிருக்கவில்லை. குத்திய தெருவில் பிள்ளைகள் தப்புவதைப் பார்த்தார்கள், கையை நீட்டினார்கள், கோயிலுக்கும் போனார்கள். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தமிழ்நாட்டில் நோய் 1960-களின் இறுதியிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது. பீகாரும் உத்தரப்பிரதேசமும் அதற்குப் பிறகும் போராடிக்கொண்டிருந்தன. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில். 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். முத்தாரம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை.

பெரியம்மையோடு கதை முடிந்திருந்தால் நல்லது. அம்மன் பெயரில் இன்னும் சில நோய்கள் பாக்கி. மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் சொல்வது அதில் மோசமானது. அதற்கும் வேப்பிலை, அதே பாய், அதே மூன்று தண்ணீர். "அம்மன் வெளையாடுதா, ஊசி கீசி போட்டுறாதிய" என்ற குரல் இன்றும் நம் தெருக்களில் கேட்கிறது. ஆனால் 1870-இல் டாக்டர் கைவிரித்தது போல இன்று விரிப்பதில்லை. தட்டம்மையில் பிள்ளைகள் சாவது பெரும்பாலும் பின்னால் வரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து சாவையும் பார்வை இழப்பையும் குறைக்கிறது. லண்டன் நீதிபதி வைத்த அளவுகோலை இங்கே வைத்தால், அன்று குற்றமற்றதாக இருந்த அதே காத்திருப்பு இன்று குற்றத்தின் பக்கம் சாய்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனியாமல் விட்டுத் துன்பத்துக்கு உள்ளாக்கினால் மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. அந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு வேப்பிலை வீட்டுக் கதவைத் தட்டினால், பிள்ளை மறுபடி குலுக்கைக்குள்தான் போகும். நூற்றைம்பது ஆண்டு அனுபவம் அதைத்தான் காட்டுகிறது.

தடுப்பூசியிலும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, பழைய வதந்திகள் வாட்ஸ்அப்பில் புது உடுப்போடு வந்தன. 1880 சட்டத்துக்கு இன்று உயிரில்லை. குழந்தைகளுக்கு ஊசி போட்டே தீர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் கிடையாது. கொரோனா காலத்து வழக்கொன்றில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, பொதுநலத்துக்காக அளவான கட்டுப்பாடுகள் மட்டும் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது அவரவர் உடல்மீதான உரிமையைப் பற்றிய தீர்ப்பு. ஒன்பது மாதப் பிள்ளைக்காக முடிவெடுப்பவர் வேறொருவர்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தடவை, பதினாறு மாதத்துக்கு மேல் இன்னொரு தடவை; ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. அட்டையை எடுத்து இன்றே பாருங்கள். அதையும் மீறி அம்மை வந்தால் வேப்பிலை செருகுங்கள், மாவிளக்கு நேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ மூன்றாம் தண்ணீருக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

(அடுத்த பகுதி: 1870-இல் நாசரேத்தில் ஸ்ட்ராக்கன் திறந்த மருந்தகம்)